தம்மாம் ஐசியூவிலிருந்து திசையன்விளைக்கு

கேள்வி இதுதான். அக்காவின் கணவருக்கு சவூதியில், தம்மாமில் கட்டட வேலை. சாரம் சரிந்து கீழே விழுந்ததில் தலையில் பலத்த அடி. மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். 23 நாளாக ஐசியூ. தொண்டையில் துளை போட்டு டியூப் வைத்திருக்கிறார்கள். கண் திறக்கிறார், கூப்பிட்டால் பார்க்கிறார், பேச்சில்லை. ஊர் திசையன்விளைப் பக்கம். ஏர் ஆம்புலன்ஸ்காரர் ஒருவர் 30 லட்சம் கேட்கிறார், பாதியை இன்றே அனுப்பச் சொல்கிறார். கம்பெனி ஆளோ, 'இந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நாங்களே டிக்கெட் போட்டு அனுப்பிவிடுகிறோம்' என்கிறார். என்ன செய்வது?

இன்றைக்கு இரண்டுமே வேண்டாம். பணமும் அனுப்பாதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள். நான் அதே கிழக்கு மாகாணத்தில் பதினோரு வருடம் ஐசியூ நர்ஸாக இருந்தவன். ஸ்ட்ரெச்சரிலும் சக்கர நாற்காலியிலும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பலமுறை திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இறங்கியிருக்கிறேன். அதில் பார்த்தது ஒன்று உண்டு. குடும்பத்தார் எல்லோரும் விமானத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். எந்த விமானம், எவ்வளவு, எப்போது? ஆனால் விமானம் கடைசி வேலை. அதற்கு முன்னால் மூன்று விஷயம் முடிந்திருக்க வேண்டும்: அவர் பறக்கத் தகுதியானவர் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும், சவூதியை விட்டு வெளியேற அவருடைய காகிதங்கள் சரியாக இருக்க வேண்டும், இந்தப் பக்கம் ஒரு கட்டில் காத்திருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் டிக்கெட் போட்டவர்கள் பணத்தை இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் உடம்பு. விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள் என்பது தெரியும். ஆனால் தரைமட்ட அளவுக்குக் கூட்டுவதில்லை. 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் என்ன அழுத்தம் இருக்குமோ அந்த அளவுதான். அதாவது நாலைந்து மணி நேரம் கொடைக்கானலிலோ ஊட்டியிலோ உட்கார்ந்திருப்பது மாதிரி. உங்களுக்கும் எனக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் கட்டிலில் படுத்திருக்கும்போதே ஆக்ஸிஜன் அளவு 92 காட்டுகிற ஒருவருக்கு அங்கே அது கிடுகிடுவென்று இறங்கிவிடும். இது ஒன்று.

இன்னொன்றுதான் உங்கள் அத்தானுக்கு முக்கியம். அழுத்தம் குறைந்தால் அடைபட்ட காற்று விரியும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சிப்ஸ் பாக்கெட் விமானத்தில் உப்புவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். மண்டையைத் திறந்து மூடும்போது உள்ளே கொஞ்சம் காற்று தங்கிவிடுவது சகஜம். அந்தக் காற்று மேலே போய் விரிந்தால் மூளையை அழுத்தும். அதனால்தான் தலை ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்தது ஒரு வாரமாவது பறக்கவிட மாட்டார்கள். அதற்குப் பிறகும் ஸ்கேன் எடுத்து உள்ளே காற்று இல்லை என்று பார்த்துக்கொள்வது நல்லது. வயிற்றுப் பெரிய ஆபரேஷனுக்குப் பத்து நாள் என்பது பொதுவான கணக்கு. நுரையீரல் சுருங்கி நெஞ்சில் காற்று கோத்திருந்தால், நுரையீரல் முழுதாக விரிந்த பிறகும் ஒரு வாரம் போக வேண்டும். அடிபட்டு வந்ததென்றால் இரண்டு வாரம். மாவுக்கட்டு போட்ட காலோடு பறப்பதற்குக்கூட இரண்டு நாள் கழிய வேண்டும், அவசரமென்றால் கட்டை நீளவாக்கில் பிளந்துவிடுவார்கள். கட்டுக்குள் இருக்கும் காற்றும் காலின் வீக்கமும் சேர்ந்து ரத்த ஓட்டத்தை நெரித்துவிடக் கூடாதே.

தொண்டை டியூபிலும் இதே கதை உண்டு. டியூபைச் சுற்றி ஒரு சின்ன பலூன் இருக்கும், சளியும் உமிழ்நீரும் நுரையீரலுக்குள் இறங்காமல் தடுக்க. அதற்குள் இருப்பது காற்று. மேலே போனால் அது பெரிதாகி மூச்சுக்குழாயின் சுவரை அழுத்தும். கூட வரும் நர்ஸ் விமானம் ஏறும்போது அதில் காற்றைக் கொஞ்சம் எடுத்து, இறங்கும்போது மறுபடி ஏற்ற வேண்டும். சிலர் காற்றுக்குப் பதிலாக சலைன் தண்ணீரை ஏற்றிவிடுவார்கள். யாரை நர்ஸாக அனுப்புகிறோம் என்று சொன்னாலும், 'பலூனை மேலே எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் திணறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். தலையில் ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது நாள், நம் ஊர்ப் பையன் ஒருவனை அவன் வேலை செய்த இடத்திலேயே ஒரு கம்பளித் தொப்பியை மாட்டி, சக்கர நாற்காலி மட்டும் கேட்டு, சாதாரண சீட்டில் ஏற்றி அனுப்பப் பார்த்தார்கள். 'கவுண்டரில் கேட்டால் கால்வலி என்று சொல்' என்று பாடம் வேறு. போர்டிங் கேட்டில் வாந்தி எடுத்தான். பணிப்பெண் தொப்பியைக் கழற்றிப் பார்த்தாள், காதுக்கு மேலே வரிசையாக ஸ்டேப்பிள் தையல். இறக்கிவிட்டார்கள். டிக்கெட் போச்சு, திரும்பவும் எமர்ஜென்சி வார்டு. அன்றிரவு அவன் எங்கள் வார்டுக்கு வந்ததால்தான் எனக்கு இந்தக் கதை தெரியும். கேட்டில் வாந்தி எடுத்தது அவன் அதிர்ஷ்டம் என்றே இப்போதும் நினைக்கிறேன். அரபிக்கடலுக்கு மேலே எடுத்திருந்தால்?

ஆகவே மறைத்து ஏற்றாதீர்கள். முறையான வழிக்கு ஒரு படிவம் இருக்கிறது, மெடிஃப் என்பார்கள். பாதியை நீங்களோ ஏஜென்ட்டோ நிரப்பலாம். மீதியை சிகிச்சை தரும் டாக்டர்தான் நிரப்ப வேண்டும்: என்ன நோய், எப்போது ஆபரேஷன், ஆக்ஸிஜன் எத்தனை லிட்டர், ஹீமோகுளோபின் எவ்வளவு, உட்கார முடியுமா, யார் கூட வருகிறார்கள். இது விமான நிறுவனத்தின் மருத்துவப் பிரிவுக்குப் போகும். ஏற்றலாமா கூடாதா என்று அவர்கள்தான் முடிவு சொல்வார்கள், உங்கள் டாக்டர் இல்லை. குறைந்தது இரண்டு மூன்று நாள் முன்னால் அனுப்ப வேண்டும். ஸ்ட்ரெச்சருக்கு இன்னும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இடையில் காய்ச்சல் வந்தாலோ ஆக்ஸிஜன் தேவை மாறினாலோ புதிதாக எழுத வேண்டும்.

சரி, ஏர் ஆம்புலன்ஸ் தேவையா? வென்டிலேட்டரில் இருப்பவர், ரத்த அழுத்தத்துக்கு மருந்து ஓடிக்கொண்டே இருப்பவர், தரைமட்ட அழுத்தத்திலேயே பறந்தாக வேண்டியவர், இவர்களுக்குத் தேவை. தனி விமானம் என்பதால் தாழப் பறந்து உள்ளே அழுத்தத்தைத் தரைமட்டத்திலேயே வைத்திருக்க முடியும். அதற்கான எரிபொருள் செலவும் பில்லில் வரும். ஆனால் வென்டிலேட்டரை எடுத்தாகிவிட்டது, டியூப் வழியாகத் தானே மூச்சு விடுகிறார், இரண்டு மூன்று லிட்டர் ஆக்ஸிஜன் போதும் என்றால், பயணிகள் விமானத்தில் ஸ்ட்ரெச்சர் போதும். நீங்கள் எழுதியதைப் படித்தால் உங்கள் அத்தான் இந்த இரண்டாவது வகைக்கு வந்துகொண்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. இன்னும் ஒரு வாரம் பத்து நாள் பொறுத்தால் 30 லட்சம் வேலை அதில் ஒரு சிறு பங்கில் முடியலாம். ஏர் ஆம்புலன்ஸ் விற்பவரிடம் இந்த யோசனையை எதிர்பார்க்க முடியாது. அவர் தொழில் அது.

ஸ்ட்ரெச்சர் என்றால் பின்பக்கம் மூன்று வரிசை சீட்டுகளின் முதுகை மடித்து, அதன் மேல் கட்டிலைப் பூட்டி, சுற்றித் திரை போடுவார்கள். ஆறிலிருந்து ஒன்பது சீட் அடைபடும், காசும் அந்தக் கணக்கில்தான். கூட வருபவருக்குத் தனி டிக்கெட். குறைந்த கட்டண விமானங்களில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. பெரிய நிறுவனங்களிலும் எல்லா விமானத்திலும் கிடைக்காது. பள்ளி விடுமுறை, பெருநாள், ஹஜ் சமயம் என்றால் சேர்ந்தாற்போல் அத்தனை சீட்டுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். முடிந்தவரை நேரடி விமானமாகப் பாருங்கள். நடுவில் இறக்கி வேறு விமானத்தில் ஏற்றுவது நோயாளிக்கும் கஷ்டம், இரண்டு இடத்திலும் தூக்கு வண்டி வேண்டும், ஒன்று தாமதமானால் இன்னொன்று போச்சு. எந்த ஏர்போர்ட் என்பதையும் யோசியுங்கள். திசையன்விளைக்கு திருவனந்தபுரம் மூன்று மணி நேர ஆம்புலன்ஸ் தூரம். சென்னையில் இறங்கினால் ஒரு இரவு முழுக்க ரோடு. சென்னை டிக்கெட் கொஞ்சம் மலிவு என்று அங்கே இறக்குவது இவர் விஷயத்தில் லாபமே இல்லை.

ஆக்ஸிஜன் சிலிண்டரை நாம் கொண்டுபோக முடியாது. விமான நிறுவனம் தருவதை முன்பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் அவர்கள் ஒப்புக்கொண்ட மாடல் கான்சன்ட்ரேட்டர், அதாவது காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மிஷின். அதற்கும் சளி உறிஞ்சும் மிஷினுக்கும் பேட்டரி பயண நேரத்தைப் போல் ஒன்றரை மடங்காவது நிற்க வேண்டும். விமானத்தில் பிளக் இருக்கும் என்று நம்பி ஏறக் கூடாது.

அடுத்தது காகிதம். உடம்பு தேறின பிறகும் ஆள் நகராமல் கிடப்பது பெரும்பாலும் இதனால்தான்.

பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். கம்பெனியில் என்றுதான் சொல்வார்கள். இக்காமா, அதாவது அங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதி அட்டை, எந்தத் தேதி வரை? காலாவதியாகிவிட்டால் எக்ஸிட், அதாவது நாட்டை விட்டு வெளியேறும் விசா, அடிப்பது இழுபறி ஆகும். புதுப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. ஹுரூப், அதாவது 'ஓடிப்போனவர்' என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? அப்படி இருந்தால் தர்ஹீல் என்ற நாடுகடத்தல் மையம் வழியாகத்தான் போக வேண்டும், அதற்குத் தூதரகம் இல்லாமல் முடியாது. அவர் பெயரில் போலீஸ் வழக்கோ கடன் வழக்கோ இருந்தால் ஏர்போர்ட்டில் நிறுத்திவிடுவார்கள். டிரைவர்கள் விஷயத்தில் இது அடிக்கடி நடக்கும். சாரத்திலிருந்து விழுந்தவருக்கு இருக்க வாய்ப்பு குறைவு, ஆனாலும் கேட்டு வைப்பது நல்லது. கடைசி எக்ஸிட் விசா, அதாவது ஒரேயடியாக ஊருக்குப் போவதற்கானது, அடித்த நாளிலிருந்து 60 நாள் செல்லும். கம்பெனிக்காரர்கள் தங்கள் கணக்கை முடிக்க அதை உடனே அடித்துவிடப் பார்ப்பார்கள். பயணத் தேதி தெரியாமல் அடித்துவிட்டு, ஆள் எழுந்திருக்காவிட்டால் அபராதம் கட்டி அதை ரத்து செய்ய வேண்டிவரும். டாக்டர் 'பறக்கலாம்' என்று எழுதின பிறகுதான் எக்ஸிட்.

இனி அந்தக் கையெழுத்து. அவர்கள் நீட்டுகிற பேப்பர் அநேகமாக 'முகாலஸா'. எனக்கு வர வேண்டியதெல்லாம் வந்துவிட்டது, இனி கம்பெனி மேல் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அரபியில் இருக்கும். நினைவில்லாமல் கிடப்பவரின் பெருவிரலில் மையைத் தடவி ஒற்றி எடுக்க வந்த ஆளை எங்கள் வார்டு சார்ஜ் நர்ஸ் துரத்தியடித்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா பிலிப்பைன்ஸ்காரர், நாலரை அடிதான் இருப்பார்.

ஏன் அவ்வளவு அவசரம் என்றால், இது வேலையிடத்து விபத்து. சவூதியில் வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கும் சேர்த்து முதலாளி சம்பளத்தில் 2 சதவீதத்தை கோசி என்ற சமூகக் காப்பீட்டு நிறுவனத்துக்கு வேலையிட விபத்துக்காகக் கட்ட வேண்டும். அதிலிருந்து சிகிச்சைச் செலவும், நிரந்தர ஊனம் என்றால் மருத்துவக் குழு போடும் சதவீதத்தைப் பொறுத்து இழப்பீடும் வரும். விபத்து அங்கே பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவு எண்ணை வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் ஊருக்கு வந்துவிட்டால் பிறகு இங்கிருந்து துரத்துவது மகா கஷ்டம். இது தவிர, வேலை செய்த வருடங்களுக்கான பணிக்கொடை இருக்கிறது: முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு ஒரு மாதம். பன்னிரண்டு வருடம் இருந்தவர் என்றால் ஒன்பதரை மாதச் சம்பளம். சாதாரணத் தொகை இல்லை. வேலை முடிந்து ஊருக்கு அனுப்பும் டிக்கெட்டும் முதலாளி பொறுப்புதான். ஆகவே 'நாங்களே டிக்கெட் போடுகிறோம்' என்பதைத் தயவாக நினைத்து அதற்கு விலையாகக் கையெழுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

அதற்காகக் கம்பெனியோடு சண்டைக்குப் போகாதீர்கள். நடைமுறையில் எக்ஸிட் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அங்குள்ள மந்தூபிடம், அதாவது கம்பெனிக்காக அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் ஆளிடம், தன்மையாகப் பேசி, 'டாக்டர் ரிப்போர்ட் வரட்டும், தூதரகத்தில் கேட்டுச் சொல்கிறோம்' என்று தள்ளிப் போடுங்கள். தூதரகம் என்ற சொல் வந்ததும் பேச்சின் சுருதியே மாறும். உங்கள் அக்கா பெயரில் ஒரு அதிகாரப் பத்திரம் தயார் செய்யுங்கள், நம்பிக்கையான ஒருவருக்கு, அங்கேயே இருப்பவருக்கு. கம்பெனி சொல்லும் ஆளுக்கு வேண்டாம். நோட்டரி, மாநில அரசின் சான்று, பிறகு வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரை, அதாவது நம் ஊர்ப் பத்திரத்தை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் சான்று. அப்போஸ்டிலை ஏற்றுக்கொள்ளும் சர்வதேச ஒப்பந்தம் 2022 டிசம்பரில் சவூதியிலும் அமலுக்கு வந்துவிட்டதால் டெல்லியில் சவூதித் தூதரகத்துக்கு அலைகிற வேலை இப்போது இல்லை.

தம்மாம் ரியாத் இந்தியத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது. மதத் என்ற நம் வெளியுறவுத் துறையின் இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்து எண் வாங்குங்கள், அப்புறம் அதே எண்ணைக் குறிப்பிட்டு தூதரகத்தின் சமூக நலப் பிரிவுக்கு ஒரு பக்கத்தில் மின்னஞ்சல். பாஸ்போர்ட் எண், இக்காமா எண், ஆஸ்பத்திரி பெயர், ஃபைல் எண், விபத்துத் தேதி, கம்பெனி பெயர், என்ன உதவி வேண்டும். குடும்பக் கஷ்டத்தை மூன்று பக்கம் எழுதினால் நான்கு வரித் தகவல் அதற்குள் தொலைந்துவிடும். கையில் காசில்லாத குடும்பம் என்றால் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. 2009-ல் ஆரம்பித்தது. தூதரகச் சேவைகளுக்கு எல்லோரிடமும் வாங்கும் சிறு தொகையில் சேர்ந்த பணம். அவசர சிகிச்சைக்கும் விமான டிக்கெட்டுக்கும் அதிலிருந்து கொடுக்கலாம், ஆனால் வசதி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். முதலாளி கொடுக்க வேண்டியதை இதிலிருந்து கேட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

அக்காவிடம் இன்னொன்றும் கேளுங்கள். அத்தான் ஈசிஆர் பாஸ்போர்ட்டில், அதாவது வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில், போனவரா? அப்படியானால் அந்த அனுமதியை (எமிகிரேஷன் கிளியரன்ஸ்) வாங்கும்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டுப் பாலிசி ஒன்று கட்டாயம் எடுத்திருப்பார்கள். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாயும் வரியும். ஏஜென்ட் எடுத்திருப்பார், வீட்டில் யாருக்கும் தெரியாது. விபத்தில் சாவோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம். பழைய பேப்பர் கட்டில் தேடுங்கள். பாலிசிக்குக் காலம் முடிந்திருக்கவும் கூடும், ஆனால் தேடாமல் விடாதீர்கள். ஒருமுறை நாகர்கோவில் பக்கத்து வீடு ஒன்றில் அந்தப் பாலிசித் தாள், மாமியார் நகைக்கடை ரசீதுகளோடு மடித்து வைத்த ஒரு மஞ்சப்பையில் இருந்தது.

தமிழ்நாட்டு அரசின் அயலகத் தமிழர் நலன் ஆணையரகத்துக்கும் ஒரு மனு போடுங்கள். ஏர்போர்ட்டிலிருந்து ஆம்புலன்ஸ், அரசு ஆஸ்பத்திரியில் இடம் போன்றவற்றுக்கு அவர்கள் பேசினால் வேலை நடக்கும்.

அதுதான் மூன்றாவது விஷயம், இந்தப் பக்கத்துக் கட்டில். 'இறங்கினதும் பார்த்துக்கலாம்' என்பார்கள். கூடாது. ஏற்றுக்கொள்கிறோம் என்று ஒரு ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த கடிதம் இல்லாமல் அங்கே டிஸ்சார்ஜும் செய்ய மாட்டார்கள், விமான நிறுவனமும் கேட்கும். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நரம்பியல் அறுவைப் பிரிவைப் போய்ப் பாருங்கள், அங்கிருந்து வந்த ரிப்போர்ட்டோடு. தனியாரில் என்றால் ஒரு நாள் ஐசியூ எவ்வளவு என்று இப்போதே கேளுங்கள். டிக்கெட்டுக்கு முழுக் காசையும் கொட்டிவிட்டு மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியை மாற்றும் குடும்பங்கள் நிறைய. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, வருட வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டில் அத்தானின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கிறார் என்று யாராவது எடுத்திருந்தால் அங்கே முட்டும்.

அங்கிருந்து கொண்டுவர வேண்டியவற்றில் பலரும் மறப்பது இரண்டு. ஸ்கேன் படங்கள் சிடியில், வெறும் ரிப்போர்ட் தாள் போதாது. அடுத்தது கல்ச்சர் ரிப்போர்ட்: சளி, சிறுநீர், புண், எதில் என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்குகிறது. நாலு வாரம் ஐசியூவில் கிடந்தவர் உடம்பில் சாதாரண மருந்துக்கு அடங்காத கிருமி ஒட்டியிருக்க நிறைய வாய்ப்பு. இங்கே எடுத்ததும் தனி அறை கேட்பார்கள், முதல் நாளே சரியான ஆன்டிபயாடிக் போட அந்தத் தாள் உதவும். டிஸ்சார்ஜ் சம்மரியை ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள்.

பயண நாள் எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கற்பனையில் அது பயங்கரமாக இருக்கும். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே மூக்குவழி உணவை நிறுத்திவிடுவோம், மேலே போய் வாந்தி வராமலிருக்க. சிறுநீர்ப் பையைக் காலி செய்து, சளியை நன்றாக உறிஞ்சி, ஒரு டயப்பரைக் கூடுதலாகக் கட்டி, ஆம்புலன்ஸில் நேராக விமானத்தின் அருகே போவோம். தூக்கு வண்டி ஒன்று, பெட்டியே லிஃப்ட் மாதிரி மேலே எழும்பிக் கதவோடு ஒட்டி நிற்கும். மற்ற பயணிகளுக்கு முன்னால் ஏற்றுவார்கள், எல்லோரும் இறங்கின பிறகு இறக்குவார்கள். ஏறுவதற்கு முன் குளிரில் கை விறைத்துப் போய், ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் விரல் கிளிப் எண் காட்டாது, காதில் மாட்டிப் பார்ப்போம். பிறகு நாலைந்து மணி நேரம் திரைக்குள்ளே முழங்காலிட்டபடி இருக்க வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ பிரியாணி சாப்பிடும் வாசனை வரும், குழந்தை அழும். நோயாளிக்கு அந்தச் சத்தம் நல்லது என்று எனக்கு ஒரு எண்ணம், மருத்துவ ஆதாரமெல்லாம் கிடையாது.

அவருடைய ரூம் ஆட்கள் ஒரு அட்டைப்பெட்டியையும் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு முறை என்னோடு வந்தவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை, பெட்டியில் நிடோ பால்பவுடர், டேங், கோடாலித் தைலம், பிள்ளைக்கு ஒரு ரிமோட் கார். நைலான் கயிறு குறுக்கும் நெடுக்கும் கட்டி, நாலு பக்கமும் மார்க்கரில் பெயரும் ஊரும். ஆறு பேர் சேர்ந்து வாங்கியது. அதைக் கொண்டு போகிற தொல்லை வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் அந்தப் பெட்டி ஏறியாச்சா என்று மட்டும்தான் என்னிடம் மூன்று தடவை கேட்டார்.

கொண்டுவருவதே சரியா என்ற கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க வேண்டும். மூளைச்சாவு என்று சொல்லிவிட்டவரையோ, சில மணி நேரம்தான் என்ற நிலையில் இருப்பவரையோ பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். 'எப்படியாவது மண்ணை மிதித்துவிடட்டும்' என்று வீட்டை அடகு வைத்து ஏர் ஆம்புலன்ஸ் பிடித்தவர்கள் உண்டு. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிழைக்க வாய்ப்பிருக்கிற ஒருவரை, சிகிச்சை நன்றாக நடந்துகொண்டிருக்கும் இடத்திலிருந்து, பார்க்காமல் இருக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் அவசரமாகப் பெயர்த்துக் கொண்டுவருவது அவருக்கு நல்லதில்லை. செலவு கோசி கணக்கில் போய்க்கொண்டிருக்கும் வரை அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு ஐசியூ பில் இல்லாத நாள். உங்கள் அத்தான் கண் திறந்து பார்க்கிறார். தினமும் ஒரு தடவை யாராவது ரூம் ஆளை அனுப்பி, போனை அவர் காதருகே வைத்து அக்காவைப் பேசச் சொல்லுங்கள். நர்ஸ்கள் மறுக்க மாட்டார்கள்.

நாளைக் காலையில் செய்ய வேண்டியது இது. சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே பதினொரு மணிக்கு மேல், அதாவது நமக்கு ஒன்றரைக்கு மேல் ரவுண்ட்ஸ் முடிந்திருக்கும். அப்போது வார்டுக்கு போன் போட்டு மலையாளி நர்ஸ் யாராவது இருந்தால் கொடுக்கச் சொல்லுங்கள், அநேகமாக இருப்பார்கள். வென்டிலேட்டர் எந்தத் தேதியில் எடுத்தார்கள், இப்போது ஆக்ஸிஜன் எத்தனை லிட்டர், கடைசி ஸ்கேன் எப்போது, காய்ச்சல் இருக்கிறதா என்ற நான்கை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த நான்கு பதிலையும் எனக்கு அனுப்பினால் ஸ்ட்ரெச்சர் போதுமா ஏர் ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று நானே சொல்லிவிடுவேன். அப்படியே ஒரு போட்டோவும் எடுத்து அனுப்பச் சொல்லி, நீங்கள் முதலில் பார்த்துவிட்டு அக்காவுக்குக் காட்டுங்கள். மொட்டைத் தலை, ஒட்டிய கன்னம், தொண்டையில் டியூப். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் ஆம்புலன்ஸ் கதவைத் திறந்துதான் அதை முதல் தடவை பார்க்க வேண்டும் என்றில்லை.